மூளைக்குள்ள மெசன்கைமல் ஸ்டெம் செல் இருக்கா, இருந்தா நோய்ல அதுக்கு என்ன வேலை?

நீங்க கேட்டது மூணு கேள்வி. மூளையில மெசன்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புன்னு மாறக்கூடியதா சொல்ற மூல செல்) தானாவே இருக்கா, மூளை நோய்கள்ல அதுக்குப் பங்கு உண்டா, அப்புறம் பக்கவாதம் வந்த உங்க மாமாவுக்கு "இந்த செல்லை ஏத்தினா செத்துப்போன நியூரான் எல்லாம் திரும்ப முளைச்சுடும்"னு ஒரு கிளினிக்ல சொல்றாங்களே அது நடக்குமா. மூணுக்கும் சேர்த்து ஒரே பதிலா சொல்றேன், ஏன்னா முதல் கேள்விக்கான பதில் சரியாப் புரிஞ்சா மூணாவதுக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க. சுருக்கமா சொன்னா, இருக்கு, ஆனா அந்தப் பேரைக் கேட்டதும் உங்க மனசுல என்ன தோணுதோ அது இல்ல. அது நியூரானுக்கான விதை கிடையாது, ரத்தக்குழாயோட சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற பராமரிப்பு ஆளு மாதிரி ஒண்ணு, காயம் பட்டா ஓடி வந்து அடைக்கிறதும் சுத்தி இருக்குறவங்களுக்கு ரசாயன சேதி அனுப்புறதும்தான் அதோட வேலை. அந்த வேலையே சில நோய்ல உதவுது, சில நோய்ல கெடுக்குது.

முதல்ல பேரு வந்த கதை, ஏன்னா குழப்பத்துல பாதி பேராலதான். 1960, 70கள்ல சோவியத் யூனியன்ல அலெக்ஸாண்டர் ஃபிரீடன்ஷ்டைன்னு ஒரு விஞ்ஞானி எலும்பு மஜ்ஜையை எடுத்து பிளாஸ்டிக் பாத்திரத்துல போட்டுப் பார்த்தாரு, பெரும்பாலான ரத்த செல்கள் மிதந்து போயிடுச்சு, ஆனா கொஞ்சூண்டு செல்கள் மட்டும் பாத்திரத்தோட அடியில ஒட்டிக்கிட்டு ஒவ்வொண்ணும் ஒரு சின்ன கூட்டமா பெருகுச்சு. அதை மறுபடி உடம்புக்குள்ள வெச்சா எலும்பு உண்டாச்சு. 1991ல அமெரிக்காவுல ஆர்னால்ட் கேப்லன் இதுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல், சுருக்கமா எம்எஸ்சின்னு பேரு வெச்சாரு, அந்தப் பேரு தீயா பரவிடுச்சு. வேடிக்கை என்னன்னா அதே கேப்லன் 2017ல, அந்தப் பேரை மாத்துங்கப்பா, இது ஸ்டெம் செல்லே இல்ல, மருந்து மாதிரி சிக்னல் கொடுக்குற செல்லுன்னு கட்டுரையே எழுதினாரு. பேரு வெச்சவரே வேண்டாம்னு சொல்லியும் யாரும் கேக்கல, ஏன்னா அதுக்குள்ள அந்த ரெண்டு வார்த்தைக்கு சந்தையில ஒரு மதிப்பு வந்துடுச்சு.

சரி, ஒரு செல்லைப் பார்த்து இது எம்எஸ்சி தான்னு எப்படி சொல்றது? இதுக்கு 2006ல சர்வதேச செல் தெரபி சங்கம் ஒரு வரையறை கொடுத்துச்சு. பிளாஸ்டிக்ல ஒட்டணும், மேற்பரப்புல சிடி73, சிடி90, சிடி105ன்னு மூணு அடையாளம் 95 சதவீத செல்கள்லயாவது இருக்கணும், ரத்த செல்லுக்கான அடையாளங்கள் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, அப்புறம் டிஷ்ல, அதாவது ஆய்வகத்துல செல் வளர்க்குற பாத்திரத்துல, வெச்சு தூண்டிவிட்டா எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு இந்த மூணாவும் மாறணும். செல் கல்ச்சர் ரூம்ல, அதாவது செல்லை வெளிய எடுத்து வளர்க்குற இடத்துல, சில வருஷம் குப்பை கொட்டின ஆளுங்கறதால சொல்றேன், இந்த வரையறை முழுக்க முழுக்க டிஷ்ல அந்த செல் எப்படி நடந்துக்குதுங்கறதைப் பத்தினது, உடம்புக்குள்ள அது என்ன பண்ணுதுங்கறதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இதுல இல்ல. தோல்ல இருந்து எடுத்த சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த் திசுவைக் கட்டுற செல்) கூட இந்தப் பரீட்சையில பல சமயம் பாஸ் ஆயிடும். மனசுல இதை முடிச்சு போட்டு வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

இப்போ மூளை. மூளையோட ஒட்டுமொத்த தந்துகிகளையும், அதாவது ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய்களையும், நீட்டி வெச்சா 600 கிலோமீட்டர் அளவுக்கு வரும்னு கணக்கு சொல்றாங்க. அந்தக் குழாயோட உள்பக்கம் எண்டோதீலியல் செல்கள், வெளிப்பக்கம் விரல் விட்டுக் கட்டிப்பிடிச்ச மாதிரி இன்னொரு வகை செல், அதுதான் பெரிசைட். 1870கள்லயே பார்த்துட்டாங்க, 1923ல பேரும் வெச்சுட்டாங்க, ஆனா ரொம்ப காலம் யாரும் பெருசா கண்டுக்கல. உடம்போட மத்த இடங்களை விட மூளையில இதோட அடர்த்தி ரொம்ப அதிகம், சதையில நூறு எண்டோதீலியல் செல்லுக்கு ஒரு பெரிசைட்னா மூளையில ஒண்ணுலேருந்து மூணு எண்டோதீலியல் செல்லுக்கு ஒண்ணு. ஏன் இவ்வளவு காவல்னா மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்பு, அதான் பிளட் பிரெயின் பேரியர், அது இறுக்கமா இருக்கணும்னா பெரிசைட் வேணும். 2010ல எலிகள்ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா இதைக் காட்டினாங்க, பெரிசைட் குறைஞ்சா தடுப்பு ஒழுக ஆரம்பிக்குது.

2008ல மனுஷ உடம்போட பல உறுப்புகள்ல இருந்து இந்த பெரிசைட்களைப் பிரிச்செடுத்து வளர்த்துப் பார்த்தப்போ அதெல்லாம் எம்எஸ்சி மாதிரியே நடந்துக்குச்சு, எலும்பாவும் கொழுப்பாவும் மாறுச்சு. அப்போ எம்எஸ்சிங்கறது வேற ஒண்ணுமில்ல, எல்லா உறுப்புலயும் ரத்தக்குழாயை ஒட்டி உக்காந்திருக்குற பெரிசைட்தான்னு ஒரு பெரிய உற்சாகம். 2012ல ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துக் குழு ஆபரேஷன்ல எடுத்த வளர்ந்த மனுஷங்களோட மூளைத் திசுவுல இருந்தே இந்த மாதிரி ரத்தக்குழாய் ஒட்டின செல்களைப் பிரிச்செடுத்து, இது மெசன்கைமல் வகையாவும் மாறுது, நரம்பு வகை அடையாளங்களையும் காட்டுதுன்னு எழுதினாங்க. உங்க முதல் கேள்விக்கு நேரடி ஆதாரம்னா அதுதான், மூளையில இருக்குன்னு சொல்றவங்க பெரும்பாலும் அதைத்தான் கை காட்டுவாங்க.

ஆனா கதை அங்க முடியல. 2017ல ஒரு குழு எலிகள்ல பெரிசைட்டுக்கு மட்டும் நிரந்தரமா ஒரு கலர் அடையாளம் போட்டுவிட்டு, அதை வெளிய எடுக்காம, உடம்புக்குள்ளயே விட்டு வருஷக்கணக்குல வயசாக விட்டும் மூளை உட்பட பல உறுப்புகள்ல காயம் ஏற்படுத்தியும் பார்த்தாங்க. அந்த பெரிசைட்கள் பெரிசைட்டாவேதான் இருந்துச்சு, கொழுப்பாவோ சதையாவோ நரம்பாவோ மாறல. அதே செல்லை வெளிய எடுத்து டிஷ்ல போட்டா மட்டும் எம்எஸ்சி வேஷம் கட்டுது. இதுல யாரும் பொய் சொல்லலீங்க, ரெண்டுமே உண்மை. வீட்டுல வாயே திறக்காத பையன் ஹாஸ்டல்ல போய் மேடையேறி ஆடுறான்னா பையன் மாறல, இடம் மாறிடுச்சு. பிளாஸ்டிக், சீரம், வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் சேர்ந்து அந்த செல்லோட பழைய நினைவைக் கிளப்பிவிடுது. அதனால என்னோட கணிப்பு, மூளையில எம்எஸ்சி ஆகக்கூடிய செல் இருக்கு, ஆனா மூளைக்குள்ள சும்மா இருக்கும்போது அது எம்எஸ்சியா வேலை பாக்கலை. இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, ஏன்னா அந்த 2017 வேலையில பயன்படுத்தின அடையாளம் எல்லா பெரிசைட்டையும் எல்லா சூழ்நிலையையும் பிடிக்குமாங்கறது நியாயமான கேள்வி.

இன்னொரு விஷயமும் இதுல சேர்த்துக்கணும், பெரிசைட் மட்டும் இல்ல. மூளையைச் சுத்தி இருக்குற உறைகள்லயும், கொஞ்சம் பெரிய ரத்தக்குழாய்களோட வெளிப்பக்கத்துலயும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இருக்கு. மூளைக்குள்ள ஃபைப்ரோபிளாஸ்டே கிடையாதுங்கற மாதிரிதான் ரொம்ப நாள் பேசிக்கிட்டு இருந்தாங்க, ஒரு ஒரு செல்லா ஆர்என்ஏவைப் படிக்கிற டெக்னாலஜி வந்த பிறகுதான் இது பெரிசைட்டுல இருந்து தெளிவா வேற கூட்டம்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சுது. பழைய கட்டுரைகள்ல மூளை எம்எஸ்சின்னு எழுதியிருக்குறதுல எத்தனை பெரிசைட், எத்தனை ஃபைப்ரோபிளாஸ்ட்னு இப்போ பிரிக்கிறது கஷ்டம்.

நியூரான் முளைக்கும்னு சொல்ற கதை எங்கேருந்து வந்துச்சுன்னு பார்ப்போம், அதுவும் ஆய்வகத்துல இருந்துதான் வந்துச்சு. 2000ல எலி, மனுஷ எலும்பு மஜ்ஜை செல்களை சில ரசாயனங்கள்ல போட்டா சில மணி நேரத்துலயே நியூரான் மாதிரி நீளமா கிளை விட்டு, நியூரான் அடையாளப் புரதமும் காட்டுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. உலகமே துள்ளிக் குதிச்சுது. மணிக்கணக்குல நியூரானா? கருவுல ஒரு நியூரான் உருவாக நாள் கணக்குல, வாரக் கணக்குல ஆகுறப்போ? 2004ல ரெண்டு குழுக்கள் அதே செல்களை வீடியோ எடுத்துப் பார்த்தப்போ குட்டு உடைஞ்சுது. செல் கிளையே விடல, விஷம் தாங்காம சுருங்கிப் போச்சு, அப்படி சுருங்கும்போது அங்கங்க ஒட்டிக்கிட்டு இருந்த ஓரங்கள் மட்டும் நூல் மாதிரி நின்னுச்சு, அதைத்தான் கிளைன்னு நினைச்சுட்டாங்க. சோப்பு மாதிரி டிடர்ஜெண்ட் போட்டாலும், உப்பை அதிகமாக்கினாலும் அதே உருவம் வந்துச்சு. உப்புக்கரைசல்ல போட்டு நியூரான் செய்யலாம்னா ஊறுகாய் ஜாடியில மூளை வளரணும்.

இன்னொரு ஆதாரமா 2003ல வந்ததைச் சொல்வாங்க. ஆண்கள்கிட்டேருந்து எலும்பு மஜ்ஜை தானம் வாங்கின பெண்கள் இறந்த பிறகு அவங்க மூளையைப் பார்த்தா சில நியூரான்கள்ல ஆண்களுக்கு மட்டுமே இருக்குற ஒய் குரோமோசோம் இருந்துச்சு. கேக்கவே புல்லரிக்குதுல்ல? ஆனா அதே வருஷம் சிறுமூளையில இருக்குற பர்கிஞ்சி நியூரான்களை உன்னிப்பா பார்த்தவங்க ஒரே செல்லுக்குள்ள ரெண்டு உட்கரு இருக்குறதைக் காட்டினாங்க, அதாவது மஜ்ஜை செல் நியூரானா மாறல, ஏற்கனவே இருந்த நியூரானோட போய் ஒட்டி ஒண்ணாயிடுச்சு. அதுவும் ரொம்ப அபூர்வமா. அதுல ஏத்தினது முழு மஜ்ஜை வேற, எம்எஸ்சி மட்டும் இல்ல. நிஜமாவே இந்த வகை செல்லை நியூரான் ஆக்கணும்னா வழி இருக்கு, 2012ல ஜெர்மனியில ஒரு குழு வளர்ந்த மனுஷ மூளையில இருந்து எடுத்த பெரிசைட் வகை செல்களுக்குள்ள சாக்ஸ்2, மேஷ்1ன்னு ரெண்டு ஜீனைத் திணிச்சு டிஷ்ல நியூரானா மாத்திக் காட்டினாங்க. அது ஜீனை மாத்தி வலுக்கட்டாயமா செய்ற வேலை, சும்மா செல்லை ஊசியில ஏத்தினா நடக்குறது இல்ல.

இப்போ நோய்க்கு வருவோம், உங்க மாமா விஷயம்ங்கறதால பக்கவாதத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். பெரிசைட்டுக்கு சுருங்குற சக்தி உண்டு, தந்துகியை இறுக்கவும் தளர்த்தவும் அதால முடியும், எந்த இடத்துல நியூரான் வேலை செய்யுதோ அங்க ரத்தம் கூடுதலாப் போக இது உதவுது. ரத்தக்கட்டி வந்து ஆக்சிஜன் நின்னுபோச்சுன்னா அந்த பெரிசைட் இறுகிடும், இறுகின நிலையிலேயே செத்தும் போயிடும், செத்த உடம்பு விறைக்கிற மாதிரி. 2009லயும் 2014லயும் எலி மூளைகள்ல இதைத் தெளிவா பார்த்தாங்க. இதோட விளைவு என்னன்னா டாக்டர் பெரிய குழாய்ல இருந்த கட்டியை எடுத்துட்டாலும், கரைச்சுட்டாலும், கீழ இருக்குற தந்துகிகள் திறக்காது, மெயின் வால்வைத் திறந்தாச்சு ஆனா வீட்டுக்குள்ள குழாயெல்லாம் நசுங்கிக் கிடக்குதுங்கற நிலை. சில நோயாளிகளுக்கு கட்டியை வெற்றிகரமா எடுத்தும் எதிர்பார்த்த அளவு குணம் தெரியாததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு பலர் நினைக்கிறாங்க. ஸ்டெம் செல்லுன்னு சொல்லி நம்ம கொண்டாடுற அதே கூட்டம்தான் இங்க கழுத்தை நெரிக்குது பாருங்க.

அடுத்த கட்டம் தழும்பு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு 2011ல ஸ்டாக்ஹோம்ல இருந்து வந்துச்சு. எலியோட தண்டுவடத்துல காயம் ஏற்படுத்திப் பார்த்தப்போ, பெரிசைட்கள்ல சுமார் பத்துல ஒரு பங்கு மட்டும் குழாய்ச் சுவத்தை விட்டு இறங்கி வந்து, வேகமாப் பெருகி, காயத்தோட நடுவுல நார்த் தழும்பைக் கட்டுது. அதுவரைக்கும் மூளை, தண்டுவடத் தழும்புன்னா ஆஸ்ட்ரோசைட்தான் (நியூரானுக்குத் துணையா இருக்குற ஒரு வகை செல்)னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. சரி தழும்புதானே நரம்பு திரும்ப வளர விடாம தடுக்குது, அந்த பெரிசைட்டைப் பெருக விடாம நிறுத்திட்டா? முழுசா நிறுத்தினா காயமே மூடல, திசு பிளந்து கிடந்துச்சு. 2018ல அதே குழு கொஞ்சமா மட்டும் குறைச்சுப் பார்த்தாங்க, அப்போ நரம்பு இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்துச்சு, எலிகளோட அசைவும் மேம்பட்டுச்சு. 2021ல இதே வகை செல்தான் மூளைக் காயம், பக்கவாதம் மாதிரி நார்த்தழும்பு வர்ற பல நிலைகள்லயும் எலிகள்ல தழும்பு கட்டுதுன்னும், அதே அடையாளம் கொண்ட செல்கள் மனுஷ மூளையிலயும் இருக்குன்னும் காட்டினாங்க. ஆக இந்த செல் நல்லதா கெட்டதான்னு கேட்டா அளவைப் பொறுத்துன்னுதான் சொல்ல முடியும், சாப்பாட்டுல உப்பு மாதிரி.

மறதி நோயான அல்சைமர்ல என்ன நடக்குதுன்னா, அந்த நோய்ல மூளையில படியுற அமைலாய்டு பீட்டா புரதம் பெரிசைட்டை சுருங்க வைக்குது, அதனால தந்துகி குறுகி ரத்தம் குறையுது, இதை 2019ல எலிகள்லயும் மனுஷங்களோட மூளைத் திசுவுலயும் காட்டியிருக்காங்க. அல்சைமர் ஆபத்தைக் கூட்டுற ஏபிஓஇ4 ஜீன் இருக்குறவங்களுக்கு ரத்தக்குழாய்ல அமைலாய்டு ஏன் அதிகமாப் படியுதுங்கறதுக்கும் 2020ல டிஷ்ல கட்டின ஒரு மாதிரி ரத்தக்குழாய்ல சோதிச்சுப் பார்த்து பெரிசைட்டைத்தான் குற்றவாளியாக் கை காட்டினாங்க. ஏஎல்எஸ்ல, அதாவது தசையை இயக்குற நரம்புகள் படிப்படியா சாகுற நோய்ல, ரத்தக்குழாயை ஒட்டின ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நோய் வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே மாற ஆரம்பிக்குதுன்னு 2021ல ஒரு ஆய்வு சொல்லுது. நியூரான் நோய்னு நம்ம நினைச்சுக்கிட்டு இருக்குறதுல குழாய்ச் சுவரும் கூட்டு.

ஆனா இந்த செல்லோட பங்கு ரொம்ப வெளிப்படையா தெரியுறது மூளைப் புற்றுநோய்ல, அதுலயும் கிளியோபிளாஸ்டோமாவுல. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் கொடுத்தும் பாதிப் பேர் ஒண்ணேகால் வருஷத்தைத் தாண்டுறதே கஷ்டமான நோய் அது. ஆபரேஷன்ல எடுத்த ட்யூமரை வளர்த்தப்போ புற்று செல்களுக்கு நடுவுல எம்எஸ்சி வரையறைக்கு அச்சு அசலாப் பொருந்துற, ஆனா புற்று இல்லாத செல்கள் கிடைச்சுது. கொரியாவுல ஒரு குழுவும் அமெரிக்காவுல டெக்சஸ்ல எம்டி ஆண்டர்சன் குழுவும் இதைத் தனித்தனியாப் பார்த்தாங்க. 2015ல டெக்சஸ் குழு இன்னும் உள்ள போய் காட்டினது இது: இந்தச் செல்கள் ஐஎல்-6ங்கற சேதி மூலக்கூறை வெளிய விடுது, அது புற்றோட ஸ்டெம் செல்களுக்குள்ள ஸ்டாட்3ங்கற சுவிட்சைப் போடுது, அதனால அந்தப் புற்று ஸ்டெம் செல்கள் இன்னும் வேகமாப் பெருகி, தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு, எலிகளுக்குள்ள வெச்சா சீக்கிரமே எலியைக் கொல்லுது. 2017ல அதே வட்டாரத்துல இருந்து, எக்ஸோசோம்னு சொல்ற நுண் பொட்டலங்களுக்குள்ள மைக்ரோ ஆர்என்ஏ (ஜீன்களோட வேலையைக் கட்டுப்படுத்துற சின்ன மூலக்கூறு) வெச்சும் இந்தச் செல்கள் புற்றுக்கு உதவி அனுப்புதுன்னு வந்துச்சு, அந்த வருஷமே இன்னொரு கட்டுரை, ட்யூமர்ல இந்தச் செல்களோட சதவீதம் அதிகமா இருந்த நோயாளிகள் உயிரோட இருந்த காலம் குறைவுன்னு. காயத்தை ஆத்துறதுக்காக வெச்சிருக்குற ஆளு, புற்றை ஒரு ஆறாத காயம்னு நினைச்சு பாத்துப் பாத்து சோறு ஊட்டுறான். வேலியே பயிரை மேயுற கதைன்னு கூட சொல்ல முடியாது, வேலிக்கு அது பயிரா களையான்னே தெரியல.

இந்தச் செல்கள் ட்யூமருக்குள்ள எங்கேருந்து வருது? மூளையோட சொந்த குழாய்ச் சுவத்துல இருந்து வரலாம், எலும்பு மஜ்ஜையில இருந்து ரத்தம் வழியா வரலாம். 2013ல இன்னொரு குண்டு போட்டாங்க, கிளியோபிளாஸ்டோமா ஸ்டெம் செல்லே பெரிசைட்டா மாறி தனக்கு வேண்டிய ரத்தக்குழாயைத் தானே தாங்குதுன்னு. நோயாளிகளோட ட்யூமர்ல அது பெரிய அளவுல நடக்குதாங்கறதுக்கு அப்புறம் எதிர்ப்பும் வந்துச்சு, அதனால அதை நான் அரைக்கண்ணோடதான் பாக்கிறேன்.

இடையில ஒரு எச்சரிக்கை, நெட்ல தேடுறவங்க பலரும் விழுற குழி. கிளியோபிளாஸ்டோமாவுல மெசன்கைமல் சப்டைப்னு ஒண்ணு இருக்கு, 2010ல ஜீன் செயல்பாட்டை வெச்சு நாலு வகையாப் பிரிச்சப்போ வெச்ச பேரு. அதுக்கு அர்த்தம் புற்று செல் மெசன்கைமல் மாதிரி ஜீன்களை ஓட்டுதுங்கறது மட்டும்தான். ட்யூமர்ல எம்எஸ்சி இருக்குங்கறதும் ட்யூமர் மெசன்கைமல் சப்டைப்ங்கறதும் வேற வேற விஷயம், ரிப்போர்ட்ல அந்த வார்த்தையைப் பார்த்துட்டு ஸ்டெம் செல்லால வந்த புற்றுன்னு நினைச்சுக்காதீங்க.

அதே நேரம் ட்யூமரைத் தேடிப் போற இந்தக் குணத்தையே ஆயுதமா மாத்தப் பாக்குறாங்க. 2005லயே கழுத்து ரத்தக்குழாய்ல ஏத்தின மனுஷ எம்எஸ்சி எலியோட மூளையில இருக்குற கிளியோமாவை (கிளியோபிளாஸ்டோமா சேர்ந்த ட்யூமர் குடும்பம்) தேடிப் போய் உக்காருறதைக் காட்டியாச்சு. அதனால புற்று செல்லைக் கொல்ற ஒரு வைரஸை எம்எஸ்சிக்குள்ள ஏத்தி, தலைக்குப் போற தமனி வழியா அனுப்புற முயற்சி மனுஷங்கள்ல ஆரம்பக் கட்ட சோதனையா நடக்குது. இங்க செல்லுக்கு வேலை கூரியர் வேலை மட்டும்தான், கொண்டு போய் சேர்த்துட்டு அதுவும் செத்துடும். எனக்கு இந்த யோசனை பிடிச்சிருக்கு, ஏன்னா இது அந்தச் செல்லால உண்மையிலேயே முடியுற ஒண்ணைத்தான் அதுகிட்ட கேக்குது.

இப்போ ஊசி. கையில இருக்குற சிரையில, அதாவது ஊசி போடுற ரத்தக்குழாய்ல, எம்எஸ்சியை ஏத்தினா அது எங்க போகும்? இதயம் வழியா நேரா நுரையீரலுக்கு. கல்ச்சர்ல வளர்ந்த எம்எஸ்சி ஒண்ணு 15லேருந்து 30 மைக்ரான் பருமன் இருக்கும், நுரையீரல் தந்துகி அதுல பாதி கூட இருக்காது, அதனால பெரும்பாலானது அங்கேயே சிக்கி ஓரிரு நாள்ல செத்துப் போகுது. மூளைக்குப் போய்ச் சேருறது சொற்பத்துலயும் சொற்பம். அப்புறம் எப்படி எலிகள்ல பக்கவாதம் கொஞ்சம் மேம்படுது? சிக்கின செல் சும்மா சாகல, டிஎஸ்ஜி-6 மாதிரி அழற்சியைக் குறைக்கிற புரதங்களை விடுது, செத்த பிறகு அதை விழுங்குற வெள்ளை அணுக்களும் கொஞ்சம் சாந்தமாயிடுது. அதாவது நன்மை வந்தாலும் அது தற்காலிகமான ஒரு ரசாயன அறிவிப்பு, புது நியூரான் நட்டு வெச்சது இல்ல. கேப்லன் பேரை மாத்தச் சொன்னது இதனாலதான்.

எலியில நல்லா வேலை செஞ்சது மனுஷங்க கிட்ட வந்து எப்படி ஆச்சுன்னு பார்த்தா, பெரும்பாலும் ஏமாற்றம். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்ல, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்போட உறையைத் தாக்குற நோய்ல, 144 பேரை வெச்சு பல நாடுகள்ல நடந்த சோதனை 2021ல வெளிவந்துச்சு, பாதுகாப்பா இருந்துச்சு, ஆனா மூளையில புது அழற்சிப் புண்ணு வர்றதைக் குறைக்கல. ஏஎல்எஸ்க்கு நியூர்ஓன் (NurOwn)னு ஒரு எம்எஸ்சி தயாரிப்பு, கடைசிக் கட்ட சோதனையில இலக்கைத் தொடல, 2023 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட ஆலோசனைக் குழு 17க்கு 1ன்னு எதிர்த்து ஓட்டு போட்டுச்சு, அடுத்த மாசமே கம்பெனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுச்சு. மாற்றம் செஞ்ச எம்எஸ்சியை நேரா மூளைக்குள்ள ஊசி போட்டு வெக்கிற ஒரு ஜப்பானியத் தயாரிப்பு பழைய பக்கவாதத்துக்கான சோதனையில 2019ல தோத்துச்சு, ஆனா தலைக்காயத்தால வந்த நாள்பட்ட கை கால் பலவீனத்துக்கு ஜப்பான் 2024ல நிபந்தனையோட, காலக்கெடுவோட அனுமதி கொடுத்திருக்கு. அமெரிக்காவுல எஃப்டிஏ அனுமதிச்ச முதல் எம்எஸ்சி மருந்தே 2024 டிசம்பர்லதான் வந்துச்சு, அதுவும் மூளைக்கு இல்ல, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அப்புறம் தானமா வந்த செல்கள் குழந்தைங்க உடம்பைத் தாக்குற ஒரு சிக்கலுக்கு.

இதுல ஆபத்து இல்லைன்னும் நினைச்சுடாதீங்க. முறையான சோதனைகள்ல எம்எஸ்சி பெருசா கெடுதல் பண்ணினதா இல்ல, அது உண்மை. ஆனா காசுக்கு ஏத்துற இடங்கள்ல பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? 2016ல ஒரு மருத்துவ இதழ்ல வந்த கேஸ், பக்கவாதம் வந்த ஒருத்தர் பல நாடுகளுக்குப் போய் எம்எஸ்சியோட சேர்த்து கரு ஸ்டெம் செல், சிசு நரம்பு ஸ்டெம் செல்னு முதுகுத் தண்டுவட நீருக்குள்ள ஏத்திக்கிட்டாரு. அப்புறம் அவரோட முதுகுத்தண்டுல ஒரு கட்டி, டெஸ்ட் பண்ணிப் பார்த்தா அந்தக் கட்டியில இருந்த செல்கள் அவரோடதே இல்ல, வேற யாரோடதோ. அவருக்கு பக்கவாதத்துல பாதிக்காம இருந்த காலு கூட செயலிழந்து போச்சு. அந்த மூணு வகையில எது அப்படி வளர்ந்துச்சுங்கறதை விடுங்க, எம்எஸ்சி ரத்தத்துல போனா உறைதலைத் தூண்டுற டிஷ்யூ ஃபேக்டரையும் சுமந்துக்கிட்டுதான் போகுது, ஏற்கனவே ரத்தக்கட்டியால பக்கவாதம் வந்த ஆளுக்கு இதை யோசிக்காம ஏத்துறது எனக்கு வயித்தைக் கலக்குது.

மாமா விஷயத்துல நான் சொல்றது இவ்வளவுதான். இப்போதைக்கு பக்கவாதத்துக்கு எம்எஸ்சி நிரூபிச்ச சிகிச்சை இல்ல, பிசியோதெரபியை நிறுத்திட்டு அந்தக் காசை இதுல போடாதீங்க. முறையா பதிவு பண்ணின சோதனையா இருந்தா, நோயாளிகிட்ட சிகிச்சைக்குன்னு பணம் வாங்காம, ஒரு எத்திக்ஸ் கமிட்டி மேற்பார்வையில நடந்தா, அவரோட நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டிட்டு சேர்றதைப் பத்தி யோசிக்கலாம், அதுல தப்பில்ல. கிளினிக்குக்குப் போறதா இருந்தா மூணு கேள்வி கேளுங்க. செல் எங்கேருந்து எடுத்தது, எத்தனை தடவை கல்ச்சர்ல பெருக்கினது, அதுக்கான டெஸ்ட் ரிப்போர்ட் எங்க. சிரையில ஏத்துறீங்களா, தண்டுவட நீருலயா, தமனியிலயா. ஏத்தின செல் ரெண்டு நாள் கழிச்சு எங்க இருக்கும். மூணாவது கேள்விக்கு "மூளைக்குப் போய் நியூரானா மாறியிருக்கும்"னு பதில் வந்தா செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பி வந்துடுங்க.